காவலனே வீட்டை இடித்தால்?

பனமலை ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்த ஒரு மார்கழி மாதம். சாவுப் படுக்கையில் கிடந்த மூதாட்டி ஒருவருக்கு நோயில் பூசுதல் அளித்துவிட்டு, உபதேசியாருடன் இருட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு மணி இரண்டைக் கடந்திருக்கும். பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கோவிலைத் தன் தலைமேல் தாங்கிய குன்று பனித்திரைக்குள் மறைந்திருந்தது. ஊரே அடங்கிக் கிடந்த அவ்வேளையில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து இருமல் ஒலி கேட்டது. ஒருமுறை, இருமுறையன்று, மூச்சுவிட இடைவெளியின்றித் தொடர்ந்து வந்த இருமல். அருகில் சென்று பார்த்தேன். இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு குனிந்து அமர்ந்திருந்தார். அவருடைய தாய் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா இப்படித்தான் சாமி. பகல்ல கழனி வேலை பாக்கறான். ராத்திரி ஒரு மணி ஆனா போதும், விடியற வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் தூக்கமில்ல" என்றார் அந்தத் தாய்.

பிறகு தாழ்ந்த குரலில் மற்றதையும் சொன்னார். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த ஒருவர், நுரையீரல் முழுதும் தினை தூவினாற்போலப் புள்ளிகள் இருப்பதைக் கண்டு, "இது காசநோய்" என்று சொல்லிவிட்டார். சளியில் கிருமி ஒன்றும் காணப்படவில்லை. எனினும் மருந்து தொடங்கப்பட்டது. செய்தி ஊருக்குள் பரவிற்று. வீட்டில் அவருக்கெனத் தனித் தட்டு, தனிக் குவளை. பேசி முடித்திருந்த திருமணமும் நின்றுபோயிற்று. மருந்துண்டு ஒரு மாதம் கடந்தும் இருமல் ஒரு சிறிதும் குறையவில்லை.

சில நாட்களுக்குப்பின் வேறொரு மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். முதிய அனுபவசாலியாகிய அவர் கேட்ட முதற் கேள்வி, "இருமல் எந்த நேரத்தில் வருகிறது?" என்பதே. அடுத்து எளியதோர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "இது காசநோயன்று. இவருடைய உடம்பின் காவலர்களே இவருடைய நுரையீரலைத் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வாரம் மாத்திரை போதும்" என்றார்.

காவலர்களே வீட்டைத் தாக்குவதா? அந்தச் சொல் என் உள்ளத்தில் தைத்தது. அதன்பின் இது குறித்துப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் இந்த வரலாற்றின் பெரும்பகுதி நம்முடைய மண்ணிலேயே நடந்தது. வியப்பிற்குரியது என்னவெனில், அதன் ஓர் இழை நம் திண்டிவனத்திலிருந்தே தொடங்குகிறது.

செந்நிறம் ஏற்கும் வெள்ளணு

நம் இரத்தத்தில் செவ்வணுக்களோடு வெள்ளணுக்களும் உள்ளன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வெள்ளணுக்களே உடலின் காவற்படை. ஆனால் அப்படையில் பல பிரிவுகள் உண்டு. கிருமியை விழுங்கி அழிப்பவை சில. பகைவனின் அடையாளத்தை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பவை சில. செய்தி அனுப்பி ஏனையவற்றை ஏவுபவை சில. இவற்றுள் ஒரு சிறு பிரிவின் பெயர் இயோசினோபில். 1879ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் பால் எர்லிக் இதனை இனங்கண்டார். இயோசின் என்னும் சாயத்தைத் தோய்த்துப் பார்க்கையில் இவ்வணுவின் உள்ளே நிறைந்திருக்கும் மணிகள் செக்கச் சிவந்து ஒளிர்ந்தமையால் இப்பெயர் வந்தது.

நம் ஊர்களில் யாரேனும் அடிக்கடி தும்மினால், "இவருக்கு ஈஸ்னோபீலியா இருக்கிறது" என்று சொல்கிறோம் அல்லவா? அச்சொல் இவ்வணுவின் பெயரிலிருந்து பிறந்ததே. இவ்வணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகுவதைத்தான் அச்சொல் குறிக்கிறது. நலமுள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் 500க்கும் குறைவாகவே இருக்கும். நான் சொன்ன இளைஞரின் இரத்தத்தில் அவை ஏழாயிரத்தைத் தாண்டியிருந்தன.

இவ்வணுக்களின் வேலை யாது? பாக்டீரியா போன்ற நுண்கிருமியை ஓர் அணு விழுங்கிவிடலாம். ஆனால் உடலுக்குள் புகுந்த புழுவை விழுங்க இயலுமா? யானையை எறும்பு விழுங்க முயல்வது போலன்றோ அது! ஆகவே இயோசினோபில்கள் கூட்டமாகச் சென்று புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு, தம்முள் இருக்கும் சிவந்த மணிகளை அதன்மீது கொட்டுகின்றன. அம்மணிகளிலுள்ள நச்சுப் புரதங்கள் புழுவின் தோலை அரிக்கின்றன. வயலில் புகுந்த பன்றியின்மேல் காவற்காரன் நெருப்புச் சட்டியை வீசுவதோடு இதனை ஒப்பிடலாம். பன்றி ஓடும். ஆனால் நெருப்பு பன்றியின்மேல் மட்டுந்தானா விழும்? பயிரும் கருகும். புழுவைக் கொல்ல வீசிய அதே நஞ்சு நம் மூச்சுக்குழலின் மென்தோலையும் புண்ணாக்குகிறது. அந்தப் புண்ணையும் வீக்கத்தையுமே மருத்துவர் அழற்சி என்பர்.

ஆரோக்கியவரத்தில் எழுந்த ஐயம்

மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் 1915ஆம் ஆண்டு முதல் ஒரு காசநோய் மருத்துவ நிலையம் இயங்கி வந்தது. அக்காலத்தில் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பகுதி. அங்கே பணியாற்றிய டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஃபிரிமோட் மோலர், காசநோயாளர் என்று அனுப்பப்பட்ட சிலரிடம் ஒரு விந்தையைக் கண்டார். நெஞ்சுப் படம் காசநோயைப் போலவே இருந்தது. ஆனால் சளியில் கிருமி இல்லை. இரத்தத்திலோ இயோசினோபில்கள் மிகுந்திருந்தன. 1940ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவர் பார்ட்டனும், காசநோயைப் போல் தோற்றமளிக்கும் வேறொரு நோய் உண்டு என்று எழுதினர்.

மூன்றாண்டுகள் கழித்து, 1943இல், இந்தியாவில் பணியாற்றிய வைன்கார்ட்டன் என்பார் இந்நோயை விரிவாக வருணித்து, வெப்பநாட்டு இயோசினோபீலியா என்னும் பெயரைச் சூட்டினார். ஆர்செனிக் கலந்த ஊசிமருந்து இதனைத் தணிக்கிறது என்றும் கண்டார். ஆர்செனிக் என்பது பாடாணம் அன்றோ! நோயைத் தணித்தாலும் அது நோயாளியையும் வாட்டியது. இதைவிட நல்ல மருந்து தேவைப்பட்டது. அதைவிட முதன்மையாக, காவற்படை எந்தப் பகைவனைக் கண்டு இவ்வளவு வெறி கொள்கிறது என்னும் கேள்விக்கு விடை தேவைப்பட்டது.

சென்னையில் பயின்ற ஒரு மாணவர்

மருந்தின் வரலாறு ஒரு நம்மவரின் வரலாறு. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, அந்நாளைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். வறுமையிலே வளர்ந்தவர். இளமையிலே அவருடைய உடன்பிறந்தோர் இருவரைக் குடல்நோய் கொண்டுபோயிற்று. நம் முன்னோர் கிராணிக் கழிச்சல் என்று அஞ்சிய, மேனாட்டார் ஸ்ப்ரூ என்றழைக்கும் நோய் அது. உண்ட உணவு உடலில் சேராது, நாளுக்கு நாள் மெலிந்து, வாய் புண்ணாகி, இரத்தம் சுண்டி மனிதர் மாள்வர். சுப்பாராவும் அதே நோய்க்கு ஆளாகி, ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்றார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதராடையில் அறுவைக்கூடத்திற்கு வந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்கு மாறாகத் தாழ்ந்த பட்டமே பெற்றார் என்பர். 1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். பின்னர் லெடர்லே மருந்து ஆய்வகத்தில் சேர்ந்து அதன் ஆய்வுத் தலைவரானார். அங்கே அவருடைய குழுவினர் 1945இல் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்ப்ரூ நோயாளர் பலருக்கு அது புத்துயிர் அளித்தது. கருவுற்ற தாய்மாருக்கு இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையிலும் அந்தப் போலிக் அமிலமே உள்ளது.

1947ஆம் ஆண்டில் அதே ஆய்வகத்திலிருந்து டைஎதில்கார்பமசின் என்னும் மருந்து வெளிவந்தது. ஹெட்ரசான் என்ற பெயரில் அதனை அறிந்த முதியோர் நம்மிடையே பலர் உண்டு. யானைக்கால் நோய்க்காக ஆக்கப்பட்டது அது. 1950களில் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இதனையே இரவு இருமல் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மாதக்கணக்கில் துன்புற்றவர்கள் சில நாட்களில் நிம்மதியாக உறங்கினர். அதைக் காண சுப்பாராவ் உயிருடன் இல்லை; 1948ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். குடல்நோயால் உடன்பிறந்தோரை இழந்த அந்த மனிதரின் ஆய்வகம், குடலுக்கு ஒன்றும் மூச்சுக்கு ஒன்றுமாக இரு மருந்துகளை உலகிற்குத் தந்து சென்றது.

திண்டிவனத்திலிருந்து வேலூருக்கு

யானைக்கால் நோயின் மருந்து இருமலை ஏன் தீர்க்க வேண்டும்? அவ்வாறாயின் யானைக்கால் புழுவே இருமலுக்கும் காரணமோ? இந்த ஐயத்திற்குக் கண்கண்ட சான்று தந்தவர்கள் நம் வேலூர் மருத்துவர்கள்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். 1890களில் திண்டிவனத்தில் நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்த ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண்ணின் கதவை ஒரே இரவில் மூவர் தட்டினர். மூவருடைய மனைவியரும் பேற்று வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதால் அவருடைய தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் உடன்படவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அந்த இரவே அவரை மருத்துவராக்கிற்று. 1900இல் மருத்துவராகத் திரும்பிவந்து, வேலூரில் 1902இல் மருத்துவமனையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அதே 1960இல், அவர் நட்ட மரத்தின் கனியாக, அக்கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூன்று மருத்துவர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். இந்நோயாளரின் நுரையீரல், கல்லீரல், நிணக்கட்டி ஆகியவற்றின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அவற்றுள் யானைக்கால் இனப் புழுவின் நுண்குஞ்சுகள் சிக்கிக் கிடந்தன. அவற்றைச் சூழ்ந்து இயோசினோபில்கள் மொய்த்திருந்தன. 1966இல் சிங்கப்பூரில் தனராஜ், சண்முகரத்தினம் முதலிய மருத்துவர்கள் அடங்கிய குழுவும் நோயாளரின் நுரையீரலில் இதனை உறுதி செய்தது.

நடப்பது இதுதான்: சாக்கடைக் கொசுவாகிய க்யூலெக்ஸ் கடிக்கும்போது யானைக்கால் புழுவின் இளம்புழு நம் உடலுள் நுழைகிறது. அது நிணக்குழாய்களில் வளர்ந்து, ஆயிரக்கணக்கான நுண்குஞ்சுகளை ஈன்று இரத்தத்தில் விடுகிறது. பெரும்பாலோரின் உடல் இவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. அதனாலேயே நோயின் அறிகுறி ஏதுமின்றி இரத்தத்தில் நுண்புழுக்களோடு நடமாடுவோர் உண்டு. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரின் உடல் சிறிதும் பொறுப்பதில்லை. நுண்குஞ்சுகள் நுரையீரலை அடைந்ததும் காவற்படை சூழ்ந்து அவற்றைக் கொன்று தீர்க்கிறது. ஆகவே இரவில் இரத்தம் எடுத்துப் பார்த்தாலும் அதில் புழு தென்படாது. பகைவன் மடிந்துவிட்டான், ஆனால் போர்க்களமான நுரையீரல் புண்ணாகிக் கிடக்கிறது.

அந்தப் போர்க்களத்தை உள்ளே சென்று அளந்தவர்கள் சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மைய மருத்துவர்கள். 1956இல் தொடங்கப்பெற்ற அம்மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. அங்குப் பணியாற்றிய டாக்டர் வி. கே. விஜயன் முதலியோரும் அமெரிக்க ஆய்வாளரும் இணைந்து, நோயாளரின் நுரையீரலுக்குள் மெல்லிய குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள அணுக்களை எண்ணினர். நலமுள்ளோரின் நுரையீரலில் நூற்றுக்கு ஒன்றுகூடக் காண்பது அரிதான இயோசினோபில்கள், இந்நோயாளரிடம் ஏறத்தாழப் பாதியாக இருந்தன! மருந்து கொடுத்த இரு வாரங்களுக்குள் அவை பெரிதும் குறைந்தன. 1987இல் இவ்வாய்வு வெளியாயிற்று. ஆயினும், நோய் தீர்ந்ததாகக் கருதப்பட்ட சிலரிடம் ஓராண்டுக்குப் பின்னும் மெல்லிய அழற்சி நீடித்ததைப் பின்வந்த ஆய்வு காட்டிற்று. காலத்தே மருத்துவம் பெறாதோரின் நுரையீரல் நாளடைவில் தழும்பேறி இறுகிவிடுகிறது. "இருமல்தானே" என்று இருப்பதன் விலை அது.

குடலுக்கும் மூச்சுக்கும் ஒரே காவல்

இயோசினோபில் இரத்தத்தில் தங்குவது சில மணி நேரமே. பின்னர் திசுக்களுக்குள் சென்றுவிடும். அவ்வாறு செல்பவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் நிலையான குடியிருப்பு எது தெரியுமா? நம் இரைப்பையும் குடலுமே! இஃது இயல்பே, நோயன்று. வாய் வழியே வரும் புழுவும் பூச்சியும் முதலில் அடைவது குடலைத்தானே? வாயிற்காவலன் வாயிலில் நிற்பதில் வியப்பென்ன?

குடலும் நுரையீரலும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை, நாம் நாக்குப்பூச்சி என்றழைக்கும் உருண்டைப் புழுவின் பயணம் காட்டும். அழுக்குக் கையோடும் கழுவாத காய்கறியோடும் அதன் முட்டை வயிற்றுள் சென்று பொரிக்கிறது. குஞ்சு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலை அடைகிறது. பின் மூச்சுக்குழல் வழியே மேலேறித் தொண்டைக்கு வந்து, சளியோடு விழுங்கப்பட்டு மீண்டும் குடலுக்கே வந்து பெரிதாகிறது. 1922ஆம் ஆண்டில் கொய்னோ என்னும் சப்பானிய மருத்துவர் தாமே இரண்டாயிரம் முட்டைகளை விழுங்கி, சில நாட்களில் கடும் இருமலுக்கு ஆளாகி, தம் சளியிலேயே புழுக்குஞ்சுகளைக் கண்டு இதனை மெய்ப்பித்தார். இப்பயணத்தின்போது இயோசினோபில்கள் பெருகி நுரையீரலில் நிழல் விழுவதை 1932இல் சுவிட்சர்லாந்தின் லோஃப்லர் வருணித்தார். ஆகவே ஒரு குழந்தை இருமினால் அதன் வயிற்றையும் கேட்டறிய வேண்டும் என்பது பாட்டிமார் பேச்சு மட்டுமன்று.

குடலிலும் காவற்படை நிலைதடுமாறுவதுண்டு. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் கிராணி கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூரின் பேக்கர், மாத்தன் முதலிய மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று அதனை ஆராய்ந்தனர். நம் சிறுகுடலின் உட்புறம் பூந்துவாலையைப் போல மெல்லிய குடலுறிஞ்சிகளால் நிறைந்தது. நோயாளரிடம் அவை தேய்ந்து குட்டையாகி, அவ்விடமெங்கும் வெள்ளணுக்கள் செறிந்திருந்தன. இங்கு முன்னின்றவை லிம்போசைட் என்னும் வேறு பிரிவினர். படைப்பிரிவு வேறு, ஆனால் பாடம் ஒன்றே. காவல் அளவு மீறினால் வீடு பாழ்.

அண்மைப் பத்தாண்டுகளில் உணவுக்குழல் அழற்சி என ஒரு நோய் மேலைநாடுகளில் பெருகியிருக்கிறது. நம் நாட்டிலும் கண்டறியப்படுகிறது. இயல்பாக இயோசினோபிலே இல்லாத உணவுக்குழலில் அவை வந்து குடியேறுகின்றன. பால், கோதுமை முதலிய உணவுகளின் ஒவ்வாமை காரணமாகலாம். சோறு விழுங்கும்போதே நெஞ்சில் அடைத்து நிற்கும்.

ஒரே பெயர், வேறு வேறு நோய்

இரைப்பு நோயாகிய ஆஸ்துமாவிலும் பலருக்கு இவ்வணுவே முன்னிற்கிறது. எலும்பு மச்சையிலிருந்து இவ்வணுக்களை அழைக்கும் இன்டர்லூக்கின் 5 என்னும் செய்திப்பொருளைத் தடுக்கும் மருந்தை அறிஞர் ஆக்கினர். இரைப்பு நோயாளர் பலருக்கும் வேறுபாடின்றி அதனைக் கொடுத்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. மருந்து தோற்றது என்றே எண்ணினர். ஆனால் 2009ஆம் ஆண்டில் கனடாவின் ஹாமில்டனிலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும், சளியில் இயோசினோபில் மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்து கொடுத்தபோது இரைப்புத் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. 2015இல் அது அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. மருந்து தோற்கவில்லை, நோயாளரை வேறுபாடு அறியாமல் ஒன்றாகக் கட்டியதே தோற்றது.

இதற்கு மறுபுறமும் உண்டு. உணவுக்குழல் அழற்சியில், இயோசினோபில்களை ஏறத்தாழ முற்றிலுமாக அகற்றும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 2024இல் முடிவு வெளிவந்தது. அணுக்கள் மறைந்தன, ஆனால் விழுங்கும் துன்பம் குறையவில்லை. அப்படியெனில் களத்தில் கண்ட சிவந்த காவலன் மட்டுமே குற்றவாளியல்லன். அவனை ஏவியவர்களும் உடன் நின்றவர்களும் உண்டு. உடலின் காவற்படையை அறிஞருலகம் இன்னமும் கற்றுக்கொண்டே இருக்கிறது.

நம் இல்லங்கள் செய்யத்தக்கவை

புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், 1990களில் நம் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலேயே, ஊர் மக்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் ஒரு வேளை மருந்து கொடுத்து யானைக்கால் புழுவைக் குறைக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டியது. அத்தகைய முயற்சிகளால் இன்று யானைக்கால் நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதன் உடன்பிறப்பாகிய இரவு இருமலும் அரிதாகியுள்ளது. மகிழ்ச்சியே. ஆனால் அரிதான நோய் எளிதில் மறக்கப்படும். நம் இளைஞருக்கு நேர்ந்தது அதுவே. ஆதலின் சில குறிப்புகள்:

முதலாவது, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் முதலில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் இன்னமும் நம்மிடையே உள்ளது. அதற்கான பரிசோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். இக்கட்டுரையைப் படித்துவிட்டு, "எனக்குக் காசநோயாக இராது" என்று ஒருவரும் தாமே முடிவு செய்யலாகாது. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தவும் கூடாது.

இரண்டாவது, இருமல் எந்நேரத்தில் வருகிறது, இரைப்பு உண்டா, எடை குறைந்ததா என்பவற்றை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மருந்துண்டும் குணமில்லையெனில், இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கலாமா என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது குற்றமன்று.

மூன்றாவது, இரத்தத்தில் இயோசினோபில் சற்றுக் கூடியிருந்தால் அஞ்ச வேண்டா. தும்மலும் தோல் அரிப்பும் வயிற்றுப் பூச்சியும் அதனைச் சிறிது கூட்டும். வெப்பநாட்டு இயோசினோபீலியாவில் அது பெரும்பாலும் மூவாயிரத்தைக் கடந்திருக்கும். "ஈஸ்னோபீலியா மாத்திரை கொடுங்கள்" என்று கடையில் கேட்டு வாங்கி உண்பது தவறு. அவ்வாறே, அழற்சியை விரைந்து தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் உண்ணவே கூடாது. குடலில் ஒருவகை நூற்புழு மறைந்திருப்பின், காவற்படை அடங்கியதும் அது உடலெங்கும் பெருகி உயிருக்கே ஊறு செய்யும்.

நான்காவது, ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாது உண்ணச் செய்யுங்கள். செருப்பின்றிக் கொல்லைக்குச் செல்ல விடாதீர்கள். சாக்கடை நீர் தேங்காமலும், கழிப்பறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாய் வலையால் மூடப்பட்டும் இருக்கட்டும். க்யூலெக்ஸ் கொசுவின் பிறப்பிடங்கள் அவையே.

திண்ணையில் மீண்டும் ஒருநாள்

அந்த இளைஞர் மூன்று வாரம் மருந்துண்டார். ஐந்தாம் நாள் இரவிலேயே இருமல் அடங்கத் தொடங்கிற்று. மாத முடிவில் இரத்தம் ஏறத்தாழச் சீரடைந்தது. முறிந்த திருமணப் பேச்சு மட்டும் மீண்டும் கூடவில்லை. பெண் வீட்டாரிடம் நானே சென்று சொல்லியும் அவர்கள் மனம் இசையவில்லை. இரண்டாண்டுகள் கழித்து வேறோர் ஊரில் பெண் அமைந்தது.

அந்த வீட்டிற்குச் சென்றபோது தாயிடம் ஒன்று கேட்டேன்: "அந்தத் தனித் தட்டு எங்கே, அம்மா?"

"கோழிக்குத் தண்ணி வெக்கிறேன் சாமி" என்று சிரித்தார். பின் கண் கலங்கி, "பெத்த புள்ளைக்குத் தனித் தட்டு போட்டேனே" என்றார்.

நான் அவரைத் தேற்றினேன். ஆனால் அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அந்த வீட்டில் தனித் தட்டு வைத்தவர் கெடுமனத்தார் அல்லர்; குடும்பத்தைக் காக்க எண்ணிய தாய். திருமணத்தை நிறுத்தியவர்களும் தம் மகளைக் காக்க எண்ணியவர்களே. அஞ்சிய காவல், ஆராயாத காவல், அளவு மீறிய காவல்! அந்த இளைஞரின் நுரையீரலுக்குள் அணுக்கள் செய்ததைத்தான் வெளியே நாம் அனைவரும் செய்தோம். அணுக்களுக்கு மருந்து உண்டு. மூன்று வாரத்தில் அடங்கிவிட்டன. நம் அச்சத்திற்கு மருந்து, நோயின் உண்மையை அறிவதும் நோயாளியின் அருகில் அமர்வதுமே. காசநோயேயாயினும் அவருக்குத் தனித் தட்டு வேண்டியதில்லை. தட்டினால் அந்நோய் பரவுவதில்லை.

உங்கள் தெருவில் இன்றிரவு யாரேனும் இருமுவது கேட்டால், காலையில் அந்த வீட்டுப் படியேறி ஒரு வார்த்தை கேளுங்கள்.